பிராக்ஸி சர்வர் (சிங்கப்பூர்)

பிராக்ஸி சர்வர் என்பது உலாவிக்கும் இணையத்தளத்துக்கும் நடுவில் இருந்து, கேட்ட பக்கத்தைத் தானே வாங்கி வந்து கொடுக்கும் கணினி. பல நாடுகளில் இது அலுவலகங்களுக்குள் அடங்கிய சங்கதி. சிங்கப்பூரில் 1996 முதல் சில ஆண்டுகள் வீடுதோறும் தெரிந்த ஒன்றாக இருந்தது.

வலைக்கான பிராக்ஸி, ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்து மென்பொருளோடு பரவியது. 1994இல் அங்கு நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் அரி லுவோட்டனனும் கெவின் ஆல்டிஸும் அதை விளக்கினர். உள்வலையை இணையத்திலிருந்து பிரித்துக் காக்கும் தீச்சுவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வெளியே ஒரு வழி தருவது முதல் நோக்கம். ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு உடனே கொடுப்பது இரண்டாவது.

சிங்கப்பூருக்கு இரண்டாவதுதான் முதலில் தேவைப்பட்டது. சிங்நெட் 1994இலும் பசிபிக் இன்டர்நெட் 1995இலும் சைபர்வே 1996இலும் சேவையைத் தொடங்கின. பெரும்பாலான தளங்கள் அமெரிக்காவில் இருந்தன. கடலடிக் கம்பி வழி வெளிநாட்டு இணைப்போ விலை உயர்ந்தது. ஒரே பக்கத்தை ஆயிரம் பேருக்காக ஆயிரம் முறை பசிபிக்கைத் தாண்டி இழுத்து வருவது வீண்செலவு.

1996 ஜூலையில் சிங்கப்பூர் ஒலிபரப்பு ஆணையம் இணையத்துக்கு வகுப்பு உரிமத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆணையம் குறிப்பிடும் தளங்களைச் சேவை நிறுவனங்கள் தடுக்க வேண்டும். வீட்டுச் சந்தாதாரர்கள் பிராக்ஸி வழியாகவே போக வேண்டும். செப்டம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. தடைப் பட்டியலில் இருந்தவை சுமார் 100 தளங்கள், பெரும்பாலும் ஆபாசத் தளங்கள். சமூகத்தின் விழுமியங்களைக் காட்டும் அடையாளத் தடையே இது என்று அதிகாரிகளே சொல்லிவந்தார்கள். வேகத்துக்காக வைத்த கணினி இப்படித்தான் வாயிற்காவலுக்கும் வந்தது. நிறுவனங்களின் தனி இணைப்புகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆக, ஷென்டன் வேயில் அலுவலகக் கணினியில் திறக்கும் பக்கம், அதே ஆள் தோ பாயோவில் உள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குத் திரும்பி மோடத்தைப் போட்டால் திறக்காமல் போகலாம். தடை பண்பாட்டைக் காக்கவே என்றால் இந்த விலக்கு விந்தையானது; வணிகத்துக்கு இடைஞ்சல் கூடாது என்ற கணக்குதான் அதை விளக்கும்.

அமைக்கும் வேலை பயனரின் தலையில் விழுந்தது. நெட்ஸ்கேப் 2, 3 பதிப்புகளில் ஆப்ஷன்ஸ் பட்டியலில் நெட்வொர்க் பிரிஃபரன்சஸ் திறந்து, பிராக்ஸிகளுக்கான பக்கத்தில் ‘மேனுவல்’ என்பதைத் தேர்ந்து, நிறுவனம் கொடுத்த முகவரியையும் போர்ட் எண்ணையும் தட்ட வேண்டும். 8080 அன்று பலருக்கும் மனப்பாடம். ஒரு எழுத்து பிசகினாலும் எந்தப் பக்கமும் வராது. 1996இல் வந்த நெட்ஸ்கேப் 2 தானியங்கி அமைப்புக் கோப்பையும் கொண்டுவந்தது: அதன் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும், எந்தத் தளத்துக்கு எந்த வழி என்பதை அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் முடிவுசெய்யும். வேடிக்கை என்னவென்றால், நிறுவனத்தின் முகவரியைத் தட்டும் அதே கட்டத்தில் வெளிநாட்டுப் பிராக்ஸியின் முகவரியை எழுதித் தடைப் பட்டியலைத் தாண்டவும் முடிந்தது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு படியும் இருந்தது. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழும் இடம்பெற்றது. யூனிகோடு பரவாத அக்காலத்தில் பிராக்ஸி பக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தாலும், உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரையில் குப்பைதான்.

2000களில் சேவை நிறுவனங்கள், பயனர் எதையும் அமைக்காமலேயே போக்குவரத்தைத் தங்கள் பிராக்ஸிக்குத் திருப்பும் முறையைக் கையாண்டன. அகலப்பட்டை வந்தபின் சேமிப்பின் லாபம் குறைந்தது. மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் பரவியதும், நடுவில் இருக்கும் கணினியால் பக்கத்தைப் படிக்கவோ சேமிக்கவோ முடியாமல் போயிற்று. தடை மட்டும் தொடர்ந்தது. 2015இல் நடப்புக்கு வந்த தொலைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் சூதாட்டத் தளங்களும் தடுக்கப்பட்டன.

இன்றைய ஃபயர்பாக்ஸில் பிராக்ஸிக்குத் தனி அமைப்பு உண்டு. குரோம் பொதுவாக இயங்குதளத்தின் அமைப்பையே பின்பற்றும். வீட்டுக் கணினியில் பிராக்ஸி முகவரிக்கான கட்டம் காலியாக இருப்பதே வழக்கம். நீங்கள் எழுதாத முகவரி அங்கே இருந்தால், தீங்குநிரல் வைத்ததாகவும் இருக்கலாம். உடனே விசாரித்து நீக்கிவிடுங்கள்.