குட்டி யானையும் தாத்தாவோட டயர் வண்டியும்

எங்க ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பழைய குட்டி யானை விலைக்கு வந்திருக்கு. 2012 மாடல். மீட்டர்ல 2,84,000 கிலோமீட்டர் காட்டுது. 1,40,000 ரூபாய் சொல்றாங்க. வாங்கலாமா வேண்டாமான்னு பத்து நாளா ஒரே யோசனை. யோசிச்சுப் பாத்தா, இது எங்க வீட்டுல மூணு தலைமுறையா ஓடிட்டு இருக்குற கேள்விதான். விளைஞ்சதை யாரு வண்டியில சந்தைக்குக் கொண்டு போறது?

தாத்தா காலத்துல டயர் வண்டி. வண்டி எங்களுது. மாடு ஒண்ணு எங்களுது, இன்னொண்ணு பங்காளி வீட்டு மாடு. மூணு வீட்டுச் சரக்கும் அதுல ஒண்ணாத்தான் போகும். ராத்திரி சாப்பிட்டுட்டு அரிக்கேன் விளக்கை வண்டிக்கு அடியில கட்டிட்டுக் கிளம்புவாங்க. தாத்தா தூங்கினாக்கூட மாடு வழி தப்பாது. முன்னாடி போறோமா பின்னாடி போறோமாங்கறது எங்க கையில இருந்துச்சு.

அப்புறம் வந்தது டெம்போ. இந்தப் பேரே ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல இருந்த ஒரு கம்பெனியோட வண்டிப் பேரு. 1958-ல பஜாஜ் டெம்போ கம்பெனி ஆரம்பிச்சு, அந்த மூணு சக்கர வண்டியை இந்தியாவுல செஞ்சாங்க. பின்னாடி மெட்டடார் வந்துச்சு. நம்ம ஜனங்களுக்குச் சின்ன சரக்கு வண்டின்னாலே டெம்போதான். 1986-ல டாடா 407 வந்துச்சு. அதே சமயத்துல ஜப்பான் கம்பெனிகளோட கூட்டுல டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷின்னு வரிசையா வந்தாலும் 407 நிலைச்சு நின்னுச்சு.

ஆனா அதெல்லாம் வசதி உள்ளவங்க வாங்குற வண்டி. நாங்க வாடகை குடுக்குற ஆளுங்க. வாடகை வண்டி வந்ததும் மாட்டை வித்தோம். மாட்டோட சேத்து மூணு வீட்டுக் கூட்டும் போச்சு. வண்டிக்காரர் பத்துத் தோட்டம் ஏத்திட்டுக் கடைசியாத்தான் எங்க தோட்டத்துக்கு வருவார். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது கேரளா யாவாரிங்க பாதி வாங்கி முடிச்சிருப்பாங்க. அதுக்கு மேல அவங்க சொல்றதுதான் விலை. காய் அதே காய்தான், நேரம்தான் வேற. அப்பா வாய் திறக்காம காசை எண்ணி வாங்கிட்டு வந்ததை நான் பாத்திருக்கேன்.

2005 மே மாசம் டாடா ஏஸ் வந்துச்சு. அதான் நம்ம குட்டி யானை. இண்டிகா கார் இஞ்சினைப் பாதியாக்கின மாதிரி ரெண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 குதிரைச் சக்தி. முக்கால் டன் ஏத்தலாம். அதை உருவாக்கின குழுவுக்குத் தலைவர் கிரீஷ் வாக். வண்டி செய்யறதுக்கு முன்னாடி மூணு சக்கர வண்டி ஓட்டுறவங்ககிட்டப் போய் என்ன வேணும்னு கேட்டாங்களாம். நாலு சக்கர வண்டி இருந்தா நல்ல இடத்துல பொண்ணு கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னாராம்! சிரிப்பா இருந்தாலும் நெசம்தானுங்களே. சந்துக்குள்ள போற, தோட்டத்து வரப்பு வரைக்கும் வர்ற நாலு சக்கர வண்டி சின்ன ஆளுக்கும் எட்டுற விலைக்கு வந்தது அப்பதான்.

சரி, இப்ப விலைக்கு வந்த வண்டிக்கு வருவோம். மெக்கானிக் தம்பியைக் கூட்டிட்டுப் போனேன். "அண்ணே, மீட்டரைப் பாக்காதீங்க, சேஸைப் பாருங்க"ன்னான். சேஸ்ல விரிசல் இல்லை, வெல்டிங் வெச்ச தடம் இல்லை. ஆயில் மூடியைத் தொறந்தா புகை வருது. இவ்வளவு தூரம் ஓடின இஞ்சினுக்கு அது வயசுக் கோளாறு. வேலை பாக்க 40,000 ஆகும். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்டணும். மொத்த எடை மூணு டன்னுக்குள்ளங்கறதால பெர்மிட் வேண்டாம். பழைய கடன் பாக்கி இல்லைன்னு ஆர்சியில பாத்துக்கிட்டேன்.

கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 90 நடை, நடைக்கு 800 வாடகைன்னா 72,000. சொந்த வண்டின்னா டீசல் 22,500, இன்ஷூரன்ஸ், எஃப்சி, டயர், சில்லறை வேலை 35,000. மிச்சம் 14,500. போட்ட 1,80,000 திரும்ப வர 12 வருஷம் ஆகும். அப்ப எனக்கு 66 வயசு. வண்டி இருக்குமான்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு வீட்டுக்கு வந்தேன். கொட்டகையில தாத்தா வண்டியோட நுகத்தடி சாத்தி வெச்சிருக்கு. அதைப் பாத்ததும்தான் புத்தியில பட்டுச்சு. தாத்தாவும் தனியா வண்டி ஓட்டலையே!

பங்காளி வீட்டுலயும் பக்கத்துத் தோட்டத்துலயும் பேசினேன். மூணு வீட்டுக்கும் சேத்து 270 நடை. ஓட்டுறது எங்களுக்குள்ளயே. தேய்மானத்தைக் கூட்டிப் போட்டாலும் ரெண்டு வருஷம், தப்பினா மூணு வருஷத்துல முதல் வந்துரும். அதைவிட முக்கியம், யாவாரி வர்றதுக்கு முன்னாடி நம்ம பெட்டி இறங்கியிருக்கும்.

ஆர்சி ஒருத்தர் பேருலதான் இருக்கும். சண்டை வந்தா அதுலதான் வரும். அதனால பங்காளி மகன் பேருல எழுதிட்டு, மூணு பேரும் பத்திரத்தாள்ல கையெழுத்துப் போடுறோம். யாரு அறுப்பு முதல்ல வருதோ அவங்க சரக்கு முதல்ல. நேத்து 5,000 அட்வான்ஸ் குடுத்தாச்சு. இஞ்சின் வேலை முடிஞ்சதும் முதல் நடை தக்காளிதான்.