வீட்டுச் சுவருக்குள் ஒரு கோட்டைச் சுவர்

நம் பக்கத்தில் கோட்டை என்றால் கிருஷ்ணகிரி மலையையும் ராயக்கோட்டையையும்தான் காட்டுவோம். ஆனால் கோட்டை ராஜாவுக்கு மட்டும் இருந்ததல்ல, குடியானவனுக்கும் இருந்தது. ஊரைச் சுற்றி மண் சுவர், வெளியே முள்வேலி, மூலையில் வட்டமான கொத்தளம். மைசூர்ச் சீமையின் பழைய ஊர்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. 1800-இல் அங்கே சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் தன் பயண நூலில் இதை எழுதியிருக்கிறார்.

காரணம் பயம்தான். நம் பாராமகால், படைகள் மேலும் கீழும் போய்வந்த வழி. ஐதர் அலி, திப்பு, கும்பினி, நடுவில் பாளையக்காரர்கள். யார் வந்தாலும் முதலில் பறிபோவது தானியமும் மாடும். மாடு மீட்கப் போய் மாண்டவர்களின் நடுகற்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அந்தப் பயம் திப்பு காலத்துக்கும் பல நூறு ஆண்டு மூத்தது.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கும்பினி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். 1799-இல் திப்பு மாண்டபின் ஓசூர்ப் பக்கமும் சேர்ந்தது. அதன்பின் ஊர்ச் சுவருக்கு வேலையில்லை. மழை கரைத்தது போக, மண் வயலுக்கு எருவாகவும் கல் கடைக்காலுக்கும் போனது. நின்ற சுவரில் சாய்ப்பு இறக்கி வீடு கட்டிக்கொண்டார்கள்.

கனமான சுவரெல்லாம் கோட்டைச் சுவர் ஆகிவிடாது. வெயிலுக்காகவும் கனமாகக் கட்டுவார்கள். அடி அகன்று மேலே குறுகுகிறதா, நேராக வரும் சுவர் ஓரிடத்தில் வட்டமாக வளைகிறதா, வெளிப்பக்கம் ஜன்னலே இல்லையா, உள்ளே அகன்று வெளியே குறுகிய துவாரம் உண்டா என்று பாருங்கள். குனிந்து நுழையும் வாசல், கதவுக்குப் பின்னால் குறுக்குமரம் செருகும் குழி, மனிதரும் மாடும் ஒரே கூரைக்குள் இருக்கும் தொட்டி வீடு, இவையும் அந்தக் காலத்துப் புத்திதான்.

ஓசூரில் சிப்காட் வந்தபின் நிலத்தின் விலையே வேறு. பழைய வீட்டை இடித்து வாடகைக்கு வரிசை வீடு கட்டுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, மண் சுவர் சோறு போடாது. தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு காப்பாற்றுகிறது. பேர் தெரியாத குடியானவன் வீட்டை நாம்தான் பார்க்க வேண்டும்.

இடிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். சுவரின் கனத்தை அளந்து எழுதுங்கள். 'கோட்டை வாசல்', 'அகழி மேடு' என்று நம் தாத்தா பாட்டி சொன்ன இடப் பெயர்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான்.