வாத்தியார் வேலைக்கு ஒரு வரிசை இருந்தது

ஜல்லிக்கட்டால் பெயர்பெற்ற அலங்காநல்லூர், ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும்கூட. தமிழ்நாட்டில் வாத்தியார் வேலை எப்படிக் கிடைத்தது என்ற வரலாற்றை இத்தகைய ஒன்றியங்களிலிருந்தே தொடங்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தால் ஒன்றியங்கள் உருவானபோது கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. ஆசிரியர்கள் ஒன்றியத்தின் ஊழியர்களானார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். அரசு அவர்களை அரசு ஊழியர்களாக்கியது. ஒன்றியத்தின் பெயர் பள்ளிப் பலகையில் தங்கிவிட்டது. வேலை கொடுக்கும் அதிகாரம் ஊரைவிட்டுப் போயிற்று. அது போனது நல்லதுதான். உள்ளூர்ச் செல்வாக்குக்கு எட்டும் தூரத்தில் வேலை இருந்தால், செல்வாக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாது.

அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை தந்தது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் சீனியாரிட்டி போய்விடும். சான்றிதழ்களோடு பத்திரமாகச் சுருட்டி வைக்கப்பட்ட அந்த அட்டைதான் பல வீடுகளின் எதிர்காலம். மூப்பு கற்பிக்கும் திறனை அளக்கவில்லை என்பார்கள். உண்மை. இருபத்திரண்டு வயதில் பதிந்தவர் நாற்பதை நெருங்கும்போது வகுப்பறைக்குள் நுழைந்தால் இழப்பு குழந்தைகளுக்குத்தான். ஆனால் தன் முறை எப்போது வரும் என்று ஒருவர் கணக்குப் போட முடிந்தது. பணமோ பரிந்துரையோ அந்த வரிசையைக் கலைப்பது கடினம்.

கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை. நம் ஆசிரியர்களின் தரம் இதுதான் என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் தந்து மறுதேர்வு வைத்தபோது சுமார் 19,000 பேர் தேறினார்கள். மூன்று மாதத்தில் அறிவு எட்டு மடங்கு வளர்ந்துவிடாது. முதல் தேர்வு அறிவை அளந்ததைவிட வேகத்தையே அதிகம் அளந்தது.

தேர்வு வேண்டாம் என்பதல்ல என் வாதம். தகுதியைச் சோதிப்பது குழந்தைகளுக்குச் செய்ய வேண்டிய கடமை. ஆனால் தேறிய பிறகும் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன என்பதுதான் மன்னிக்க முடியாதது. 2014இன் வெயிட்டேஜ் முறையில் தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூ முதலான பழைய மதிப்பெண்களுக்கு 40. மதிப்பெண் தாராளமாகப் போடப்படாத காலத்தில் படித்தவர்கள் இதில் பின்தங்கினார்கள். 2018இல் அதுவும் ரத்தாகி, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு என்றார்கள். இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு நடந்ததோ 2024 ஜூலையில். 2013இல் தகுதித் தேர்வில் தேறியவருக்கு இது பதினோரு ஆண்டுக் காத்திருப்பு. பதிவு மூப்பின் பெருங்குறை என்று எதைச் சொன்னோமோ அதே காத்திருப்பு, இம்முறை வரிசைகூட இல்லாமல். காலியிடம் எத்தனை, தேர்வு எந்த நாள், நியமனம் எந்த மாதம் என்பதை ஆண்டுதோறும் அறிவித்து, அறிவித்தபடியே அரசு நடத்த வேண்டும். அறிவிப்புக்குப் பின் விதியை மாற்றக் கூடாது.