கட்டிலின் அருகே இருந்தவர்கள்

புற்றுநோயாளருக்கென எழுந்த முதல் இல்லங்களின் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று புலப்படும். அவற்றுள் பல, பேணுவதற்கு ஆளற்ற ஏழைகளுக்காகத் தோன்றியவை. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ழான் கார்னியே என்னும் இளம் விதவை, கணவரையும் இரு பிள்ளைகளையும் பறிகொடுத்த பின், 1842-இல் ஒரு சங்கத்தை நிறுவினார். அதில் சேர்ந்தோரும் விதவைகளே. மருத்துவம் கைவிட்ட பெண்களின் புண்களைத் தம் கையாலேயே கழுவிக் கட்டிய அவர்களுக்கு, அப்பணியே தம் துயருக்கும் மருந்தாயிருந்தது எனலாம். அயர்லாந்துத் துறவறச் சகோதரிகள் 1879-இல் டப்ளினிலும், 1905-இல் லண்டனின் ஹாக்னி பகுதியிலும் அமைத்த இல்லங்கள் ஏழைகளின் புகலிடமாயின. நோயாளரின் குடும்பம் என்றொன்று இவ்வரலாற்றில் இன்னும் தலைகாட்டவில்லை.

சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் கதையும் தனியனான ஒரு மனிதரிடமே தொடங்குகிறது. டேவிட் டாஸ்மா, போலந்திலிருந்து வந்த யூதர், நாற்பது வயது, இங்கிலாந்தில் உறவென்று ஒருவருமில்லை. 1948-இல் லண்டன் மருத்துவமனையொன்றில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த அவரைச் சமூகப் பணியாளராயிருந்த சாண்டர்ஸ் அடிக்கடி சந்தித்துப் பேசினார். தம்மிடமிருந்த 500 பவுனை, வருங்கால இல்லமொன்றுக்காக அவரிடமே விட்டுச்சென்றார் டாஸ்மா.

அதன்பின் மருத்துவம் பயின்ற சாண்டர்ஸ், 1958 முதல் ஹாக்னியிலுள்ள புனித சூசையப்பர் இல்லத்தில் சகோதரிகளுடன் பணியாற்றினார். நோயாளர் பேசியதைப் பொறுமையுடன் கேட்டு எழுதிவைத்தார். வேதனை உடலோடு நிற்பதில்லை. உள்ளமும், குடும்ப வாழ்வும், ஆன்மாவும் சேர்ந்தே வலிக்கின்றன என்பதை அங்கேதான் அவர் தெளிந்தார். அத்தெளிவிலிருந்து, நோயாளரும் அவர் குடும்பத்தாரும் சேர்ந்தே கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்ற முடிவு பிறந்தது. 1967-இல் லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் திறக்கப்பட்ட புனித கிறிஸ்தோபர் இல்லம் அம்முடிவின் மேல் எழுந்தது. 1969 முதல் செவிலியர் நோயாளரின் வீடுகளுக்கே சென்றனர்.

அவ்வில்லத்தின் ஏற்பாடுகளுள் என்னை மிகவும் கவர்ந்தது சிறியதொன்று. தொடக்க ஆண்டுகளில் திங்கட்கிழமை அங்கே பார்வையாளருக்கு அனுமதி இல்லை. முதலில் கேட்பவர்க்கு இது கல்நெஞ்சச் சட்டமாகத் தோன்றும். ஆனால், அது நோயாளரின் உறவினருக்கென்றே ஒதுக்கப்பட்ட ஓய்வு நாள். மாதக்கணக்கில் காத்திருக்கும் மனைவியால், “இன்று நான் வரவில்லை” என்று தானாகச் சொல்ல இயலுமா? சொன்னால் அவளுடைய மனமே அவளைக் குற்றவாளியாக்கும். உற்றார் நாவும் சும்மா இராது. இல்லமே கதவைச் சாத்திவிட்டாலோ, அவள் குற்ற உணர்வின்றி உறங்கலாம், துணி துவைக்கலாம், பிள்ளையின் பள்ளிக்குச் சென்று வரலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். ஆறுதல் மொழிகள் நூறு கூறுவதைவிட, கேட்க வெட்கப்படுவதைக் கேளாமலே தந்த இந்த ஒருநாள் விடுப்பு பெரிதென்றே கருதுகிறேன். “இது விரைவில் முடிந்துவிடாதா” என்று ஒரு கணம் நினைத்துவிட்டுத் தன்னையே வெறுக்கும் மகளுக்கும், அதைக் கூசாமல் சொல்லத்தக்க காதுகள் வேண்டும். அவற்றையும் அங்கிருந்த செவிலியரும் சமூகப் பணியாளரும் தந்தனர்.

மரணத்திற்குப் பின்? இக்கேள்வியை ஆராய்ந்தவர் மனநல மருத்துவர் காலின் மரே பார்க்ஸ். 1957-இல் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 4,486 ஆண்களைப் பற்றி அவரும் உடனாய்வாளரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. முதல் ஆறு மாதங்களில் 213 பேர் இறந்திருந்தனர். அதே வயதுடைய மணமான ஆண்களில் எதிர்பார்க்கத்தக்கதைவிட இது 40 விழுக்காடு மிகுதி. இதய நோயால் மாண்டோரே அவர்களுள் அதிகம். “நெஞ்சுடைந்து போனார்” என்னும் வழக்குச் சொல்லுக்கு இவ்வாறு ஒரு கணக்கும் கிடைத்தது.

பெரும்பாலும் புற்றுநோயாளரே தங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லத்தில், பயிற்சி பெற்ற தொண்டர்கள் இறந்தோரின் வீடுகளைத் தேடிச் சென்றது பார்க்ஸின் வழிகாட்டுதலால்தான். எல்லா வீடுகளுக்கும் அவர்கள் செல்லவில்லை. துணையின்றித் தவிப்போர், அளவிறந்த கோபமோ தன்னிகழ்ச்சியோ கொண்டோர் எனச் செவிலியர் கவனித்துச் சொன்ன குடும்பங்களையே நாடினர். துயருற்றோர் பலர் தம் உற்றாரின் துணையாலேயே தேறிவிடுவர் என்பதைப் பார்க்ஸ் மறுக்கவில்லை. அவ்வாறு தேற இயலாதோரிடையே, தொண்டர்கள் சந்தித்தவர்கள் மற்றவர்களைவிட மாத்திரையையும் மதுவையும் புகையையும் குறைவாகவே நாடினர் என அவர் பின்னர்க் கண்டார்.

1990-இல் உலக சுகாதார நிறுவனம் இப்பணிக்கு வகுத்த வரையறையில், நோயின் காலத்திலும் இழப்பின் பின்னும் குடும்பத்தாரைத் தாங்குவதும் இடம்பெற்றது.