வன்தட்டில் இடம் மீட்டலின் வரலாறு

வன்தட்டில் இடம் மீட்டல் என்பது, கணினியில் சேமித்தவற்றை அழித்தோ, சுருக்கியோ, வேறிடத்துக்கு மாற்றியோ புதிய கோப்புகளுக்கு இடம் உண்டாக்குவதாகும். பெருங்கணினிகளின் காலத்தில் இது பயிற்சி பெற்ற இயக்குநர்களின் பொறுப்பாக இருந்தது. வீட்டுக் கணினி வந்தபின், உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாத சாதாரணப் பயனரின் தலையில் அந்த வேலை விழுந்தது. இடம் தேடப் போய்க் கடிதங்களையும் கணக்குகளையும் குடும்பப் படங்களையும் இழந்தவர்கள் பலர்.

பத்து மெகாபைட்டுக் காலம்

1981இல் வெளிவந்த முதல் ஐபிஎம் தனிக்கணினி வன்தட்டு இல்லாமலே விற்கப்பட்டது. அதன் நெகிழ்வட்டு ஒன்றில் 160 கிலோபைட்டு அடங்கும். நிறைந்தால் வேறு வட்டைச் செருகிக்கொள்ளலாம். 1983இல் வந்த எக்ஸ்டி கணினியில்தான் 10 மெகாபைட்டு வன்தட்டு நிலையாக இடம்பெற்றது. இன்றைய கைப்பேசிப் படங்கள் இரண்டு மூன்றுக்கே போதும் அளவு அது. ஆயினும் அன்று அது பெரிய களஞ்சியமாகத் தெரிந்தது. களஞ்சியம் நிறைந்ததும்தான் சிக்கல் தொடங்கியது. நெகிழ்வட்டைப் போல் வன்தட்டைக் கழற்றி மாற்ற இயலாது. எனவே எதையாவது அழித்தாக வேண்டும்.

அழித்தால் கோப்பு மறைந்துவிடும் என்பது பரவலான எண்ணம். டாஸ் இயங்குதளத்தில் அது சரியன்று. அழிப்புக் கட்டளை, கோப்பகத்தில் கோப்புப் பெயரின் முதல் எழுத்தை ஒரு சிறப்புக் குறியால் மாற்றி, அது இருந்த இடம் காலியாகிவிட்டதாகப் பதிந்துகொள்ளும், அவ்வளவுதான். உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். வேறொரு கோப்பு அதன்மேல் எழுதப்படும் வரை மீட்கலாம். இதை நன்கு அறிந்த பீட்டர் நார்டன் 1982இல் வெளியிட்ட மென்பொருள் தொகுப்பு, அழித்ததை மீட்டுத் தந்தே பெயர் பெற்றது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பில் மைக்ரோசாப்டும் இத்தகைய கட்டளையைச் சேர்த்தது.

சுருக்கும் வழி

அழிக்க மனமில்லாதவர்களுக்குச் சுருக்குதல் கைகொடுத்தது. இசுரேலின் டெக்னியான் கழகத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், யாக்கோபு சிவ் இருவரும் 1977, 1978 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுரைகளே இதன் அடிப்படை. முன்பு வந்த ஒரு தொடர் மீண்டும் வரும்போது அதை முழுதும் எழுதாமல், ‘இத்தனை எழுத்துக்கு முன்னால் உள்ளதை இவ்வளவு நீளத்துக்கு எடுத்துக்கொள்’ என்று குறித்தால் போதும் என்பது 1977ஆம் ஆண்டு உரையின் கருத்து. தமிழைக் கொண்டே இதை விளக்கலாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறிகளாகி 15 பைட்டு ஆகிறது. ஆனால் அந்த மூன்றில் முதல் பைட்டு எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்று. இவ்வளவு திரும்பத் திரும்ப வருவதால் தமிழ் உரைக் கோப்புகள் மிக நன்றாகச் சுருங்குகின்றன.

1985இல் வந்த ஆர்க் என்னும் மென்பொருள் பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த பில் கட்சு அதைவிட விரைவான ஒன்றை எழுதினார். ஆர்க் நிறுவனம் 1988இல் வழக்குத் தொடுத்தது. கட்சு உடன்பாட்டுக்கு வந்து, ஆர்க் வடிவத்தைக் கைவிட்டார். 1989இல் பிகேஜிப் என்னும் புதிய மென்பொருளை வெளியிட்டு, அதன் ஜிப் வடிவமைப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார். வழக்கில் பட்ட அடியிலிருந்து பிறந்த அந்த முடிவே ஜிப்பை உலகெங்கும் கொண்டு சேர்த்தது எனலாம். ஆபிசு 2007 முதல் வேர்டு ஆவணங்கள் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. கட்சு 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் 37ஆம் வயதில் இறந்தார்.

இரட்டிப்பு வன்தட்டு

ஒவ்வொரு கோப்பாகக் கட்டி அவிழ்ப்பது தொல்லை. கலிபோர்னியாவின் ஸ்டாக் எலக்ட்ரானிக்சு நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஸ்டாக்கர், முழு வன்தட்டையும் பயனர் அறியாமலே சுருக்கியது. எழுதும்போது சுருக்கும், படிக்கும்போது விரிக்கும். 40 மெகாபைட்டு வன்தட்டு ஏறத்தாழ 80 ஆனதுபோல் தோன்றும். ‘தோன்றும்’ என்பது இங்கே முக்கியம். மீதியிடமாகக் காட்டப்பட்டது ஒரு மதிப்பீடே. ஏற்கெனவே சுருக்கிய கோப்புகளை அதில் போட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

1993 மார்ச்சில் வந்த எம்எஸ்-டாஸ் 6.0 பதிப்பில் டபுள்ஸ்பேஸ் என்னும் இதே வசதி இலவசமாக வந்தது. அதற்கு முன்பே, சனவரியில், காப்புரிமை மீறல் என்று ஸ்டாக் வழக்குத் தொடுத்திருந்தது. டபுள்ஸ்பேஸில் வன்தட்டின் உள்ளடக்கம் அனைத்தும் மறைவான ஒரே பெருங்கோப்புக்குள் இருந்தது. அந்த ஒன்று கெட்டால் எல்லாம் போயிற்று. போதாக்குறைக்கு, ஸ்மார்ட்டிரைவ் என்னும் துணைநிரல் எழுத வேண்டியதைச் சிறிது நேரம் நினைவகத்திலேயே வைத்திருந்தது. வேலை முடிந்ததென்று பயனர் மின்சாரத்தை அணைத்தால், எழுதப்படாத பகுதி தொலைந்தது. கோப்பிழப்பு முறையீடுகள் பெருகவே, அவ்வாண்டு இறுதியில் 6.2 பதிப்பு வந்தது. அதில் ஸ்கேன்டிஸ்க் சோதனைக் கருவி சேர்ந்தது. எழுதி முடித்த பின்னரே கட்டளைக் குறி தோன்றுமாறும் மாற்றப்பட்டது.

1994 பிப்ரவரியில் நடுவர் குழு ஸ்டாக்கிற்கு 12 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. எதிர்வழக்கில் மைக்ரோசாப்டுக்கும் 1.36 கோடி டாலர் கிடைத்தது. 6.21 பதிப்பில் டபுள்ஸ்பேஸ் நீக்கப்பட்டது, 6.22இல் வேறு வழிமுறையுடன் டிரைவ்ஸ்பேஸ் என்ற பெயரில் திரும்பியது. அதற்குள் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. வன்தட்டு விலை சரிந்ததும் இந்த முறையே மறக்கப்பட்டது.

கொத்துகளில் வீணான இடம்

ஃபேட்16 முறையில் வன்தட்டு ஏறத்தாழ 65,000 கொத்துகளாகப் பிரிக்கப்பட்டது. வட்டு பெரிதானால் கொத்தும் பெரிதாகும். 2 ஜிகாபைட்டு வட்டில் ஒரு கொத்து 32 கிலோபைட்டு. ஒரு கிலோபைட்டுக் கடிதமும் முழுக் கொத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி 1,000 கடிதங்கள் இருந்தால் ஒரு மெகாபைட்டு எழுத்துக்கு 31 மெகாபைட்டு செலவாகும். 1996இல் வந்த ஃபேட்32 கொத்தை 4 கிலோபைட்டாகக் குறைத்தது. எதையும் அழிக்காமல் மீட்ட இடம் என்பதால் இதுவே இவ்வரலாற்றில் மிக நேர்மையான மீட்பு.

தானாகத் துப்புரவு

விண்டோஸ் 95இன் மறுசுழற்சித் தொட்டி, அழித்தவற்றையும் வட்டிலேயே வைத்திருந்தது. தற்காலிகக் கோப்புகளோடு அதையும் காலி செய்ய விண்டோஸ் 98இல் வட்டுத் துப்புரவுக் கருவி வந்தது. திண்ம நிலை வட்டுகள் பரவியபோது வேறொரு மாற்றம் நேர்ந்தது. விண்டோஸ் 7 முதல் ஆதரிக்கப்பட்ட டிரிம் கட்டளை, அழித்த பகுதி இனித் தேவையில்லை என்று வட்டுக்கே தெரிவித்துவிடுகிறது. நார்டன் காலத்து மீட்பு இத்தகைய வட்டுகளில் பெரும்பாலும் செல்லாது.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் இதன் கடுமையைக் காட்டியது. ஆவணக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியிருந்தவர்களிடம் பழைய கோப்புறை வெற்றாக எஞ்சியிருக்கும் என்று கருதி, அதை நீக்கும் நிரல் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. சிலர் பழைய இடத்திலேயே கோப்புகளை விட்டுவைத்திருந்தனர். அவையும் சேர்ந்து அழிந்தன. சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13 அன்று திருத்தி வெளியிட்டது. அடுத்த ஆண்டுப் பதிப்பில், இற்றைப்படுத்தலுக்கென ஏறத்தாழ 7 ஜிகாபைட்டை இயங்குதளமே முன்கூட்டி ஒதுக்கிக்கொள்ளும் முறை புதுக் கணினிகளில் நடைமுறைக்கு வந்தது.