‘காமெடி டிராக்’: தமிழ்த் திரை நகைச்சுவையின் தனித்தடம் தோன்றிக் கரைந்த வரலாறு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட விமர்சனத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் குறைகளுள் ஒன்று, நகைச்சுவை கதையோடு ஒட்டவில்லை என்பது. கதாநாயகன் காதலித்துக்கொண்டோ பழிதீர்த்துக்கொண்டோ இருக்க, நகைச்சுவை நடிகர் அதே படத்துக்குள் தமக்கென ஒரு துணை, ஒரு தொழில், ஓர் எதிராளி என்று தனிக்குடித்தனம் நடத்துவார். திரைத்துறையினர் இதைக் ‘காமெடி டிராக்’ என்பர். இந்தத் தனித்தடம் எங்கிருந்து வந்தது, எப்போது தளர்ந்தது, ஏன் மீண்டும் தழைத்தது, எவ்வாறு கரைந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்திலிருந்து பிரித்தாலும் நிற்கும் இயல்பு கலைக்குறையாகக் கருதப்பட்டது. அந்த இயல்பே அக்காட்சிகளைப் படங்களைவிட நீண்ட நாள் வாழவைத்தது என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

மேடை தந்த மரபு

தனித்தடம் சினிமாவின் கண்டுபிடிப்பு அன்று. தெருக்கூத்தின் கட்டியங்காரன் கதைக்குள் சேவகனாக நிற்பான். மறுகணமே கதைக்கு வெளியே வந்து அரசனையும் ஊரையும் கேலி செய்வான். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் காமிக்குக்கென்றே தனி நேரம் உண்டு. வள்ளி திருமணம் நடந்தாலும் அரிச்சந்திர மயான காண்டம் நடந்தாலும் பபூனின் பேச்சு அன்றைய நடப்பைப் பற்றியதாகவே இருக்கும். 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து பேசும்படக் காலம் தொடங்கியபோது, நாடகக் கம்பெனிகளின் நடிகர்கள் திரைக்கு வந்தனர். அவர்களோடு இந்த அமைப்பும் வந்தது.

இதை ஒரு தயாரிப்பு முறையாகவே நிலைநிறுத்தியவர் என்.எஸ்.கிருஷ்ணன் (1908–1957). நாகர்கோவிலில் பிறந்து, வில்லுப்பாட்டிலும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலும் தேர்ந்து, 1936இல் ‘சதிலீலாவதி’ மூலம் திரைக்கு வந்தார். தமக்கென ஒரு குழுவை வைத்துக்கொண்டு, நகைச்சுவைப் பகுதியைத் தாமே உருவாக்கிப் படத்தில் சேர்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். தயாரிப்பாளருக்கு இது வணிக லாபம். கிருஷ்ணனுக்கோ கருத்துச் சுதந்திரம். புராணப் படத்துக்குள்ளும் மூடநம்பிக்கையைக் கேலி செய்ய இத்தடம் அவருக்கு இடம் தந்தது. சி.என்.அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’யில் (1949) அவரே கதாநாயகன். அதில் இடம்பெற்ற ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம், நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தைப் பகடியாக எடுத்துக்கொண்டு கல்வியின் மேன்மையைச் சொன்னது. அதையும் படத்திலிருந்து தனியே எடுத்து ரசிக்க முடிகிறது.

இக்காலத் தடத்தின் அடிப்படை அலகு இணை. என்.எஸ்.கிருஷ்ணன்–டி.ஏ.மதுரம், காளி என்.ரத்னம்–சி.டி.ராஜகாந்தம் ஆகிய இணைகளில் பெண்ணுக்கு வாதாடும் உரிமையும் பாடும் பங்கும் சரிபாதி இருந்தன. பெரும்பாலும் வாதத்தில் வென்றவளும் அவளே. இதற்கு மாறாக, முழுநீள நகைச்சுவை என்னும் இன்னொரு கிளையும் அப்போதே தோன்றிவிட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவிய ‘சபாபதி’யில் (1941) எசமான், வேலைக்காரன் இருவர் பெயரும் சபாபதி. டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்னமும் நடித்த அப்படத்தில் நகைச்சுவைதான் கதை. ஆயினும் அந்தக் கிளை உடனே தழைக்கவில்லை.

கதைக்குள் நுழைந்த காலம்

ஸ்ரீதர் இயக்கிய ‘கல்யாணப் பரிசு’ (1959) ஒரு மாறுகட்டம். மனம் கனக்கும் காதல் கதைக்கு நடுவே, வேலையில்லாத தங்கவேலு மன்னார் அண்டு கம்பெனியில் மேனேஜர் என்று மனைவியிடம் அளக்கிறார். பிறகு எழுத்தாளர் பைரவன் தாமே என்றும் சொல்லிக்கொள்கிறார். நிகழ்ச்சிகளை அடுக்குவதை விட்டு, ஒரு பொய்யைக் காக்க அடுத்த பொய் என்று வளர்த்துச் செல்லும் கட்டமைப்பு இங்கே வருகிறது. மனைவியாக வரும் எம்.சரோஜாவின் வெள்ளை மனம்தான் அந்தப் பொய்களுக்கு உரம்.

ஐந்தாண்டு கழித்து அதே ஸ்ரீதர், சித்ராலயா கோபுவோடு சேர்ந்து ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) தடத்தையும் கதையையும் ஒன்றாக்கினார். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பாவுக்கு (டி.எஸ்.பாலையா) பேய்க்கதை சொல்லும் காட்சி இதற்கு உச்சம். பேயும் இல்லை, காடும் இல்லை. நாகேஷின் குரலும் கையசைவும் எழுப்பும் ஓசையும்தான். சிரிப்பை உண்டாக்குபவர் கதை சொல்பவர் மட்டும் அல்லர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிறிது சிறிதாக வெலவெலத்துப் போகும் பாலையாவின் முகமும் அதில் பாதி. மகனுக்குப் படமெடுக்கும் ஆசை, அப்பாவிடம் பணம் என்ற ஒரே செய்தி தெரிந்தால் போதும், காட்சி முழுதும் விளங்கிவிடும். ‘திருவிளையாடல்’ (1965) தருமிக்கும் இதே விதி பொருந்தும். பரிசுக்கு ஏங்கும் ஏழைப்புலவன் என்பது புரிந்த கணத்திலிருந்து, கோயிலில் அவன் தனியே புலம்புவதும் இறைவனோடு மல்லுக்கு நிற்பதும் தாமாகவே நகர்கின்றன. கதையோடு பின்னியிருந்தும் தனித்து நிற்கக் கூடியவை இவை என்பது கவனத்துக்குரியது.

தனித்தடத்தின் மறுவருகை

1977இல் ‘16 வயதினிலே’யுடன் தமிழ்ப்படக் களம் கிராமத்துக்கு நகர்ந்தது. நகரத்துச் சபா நாடகத்தின் நடுத்தர வர்க்கப் பேச்சு அங்கே செல்லுபடியாகவில்லை. அப்படத்தில் கவனம் பெற்ற கவுண்டமணி, பின்னர் செந்திலோடு சேர்ந்து தனித்தடத்துக்கு மறுவாழ்வு தந்தார். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) ஆல் இன் ஆல் அழகுராஜாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கும், ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழமும் கதையை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை. இரண்டு பழம் வாங்கக் காசு. கையில் இருப்பது ஒன்று. இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, அதுதான் இது என்று செந்தில் தரும் பதில் தர்க்கப்படி மறுக்க முடியாதது. மறுக்க முடியாத பதிலின் முன் அதிகாரம் கையை ஓங்குவதே கவுண்டமணி–செந்தில் சூத்திரம். இத்தடங்களுக்குப் பின்னால் ஏ.வீரப்பன் போன்ற தனி எழுத்தாளர்கள் இருந்தனர்.

மறுவருகைக்குத் தொழில் காரணமும் உண்டு. ஒரே நேரத்தில் பல படங்களில் நடிக்கும் நகைச்சுவை நடிகரிடம் சில நாள் கால்ஷீட் பெற்று, அவர் பகுதியை மொத்தமாக எடுத்து முடிப்பது தயாரிப்பாளருக்கு எளிது. இதில் இழப்பும் நேர்ந்தது. ஆண்–பெண் இணை ஆண்–ஆண் இணையாக மாறியபோது பெண்ணின் பங்கு குறைந்தது. மனோரமாவும் கோவை சரளாவும் தத்தம் ஆற்றலால் அந்த இடத்தைக் காத்தனர்.

எதிர்த்திசையில் கமல்ஹாசன்–கிரேசி மோகன் கூட்டணி இயங்கியது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘சதிலீலாவதி’ (1995), ‘பஞ்சதந்திரம்’ (2002) ஆகியவற்றில் நாயகனே நகைச்சுவை நடிகன். தடத்துக்குத் தேவையே எழவில்லை. ஆனால் பெருவழக்கு தனித்தடமாகவே நீடித்தது. விவேக் அதில் என்.எஸ்.கே.யின் சீர்திருத்தக் குரலை மீட்டார். வடிவேலுவோ, அடி வாங்கியும் வீறாப்பு குறையாத மனிதனை உடல்மொழியால் படைத்தார். ‘வின்னர்’ (2003) கைப்புள்ள அதன் முழு வடிவம்.

தொலைக்காட்சியும் இணையமும்

1993இல் சன் டிவி தொடங்கியபின் தனியார் தொலைக்காட்சிகளுக்கு நேரத்தை நிரப்பச் சிறுசிறு காட்சிகள் தேவைப்பட்டன. தனித்தடம் அதற்கு ஆயத்தப் பொருளாக இருந்தது. பின்னர் ஆதித்யா, சிரிப்பொலி என நகைச்சுவைக்கென்றே அலைவரிசைகள் வந்தன. படத்தின் பெயரே அறியாமல் காட்சியை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறை இவ்வாறு உருவானது. விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ அந்த மனப்பாடத்தையே பகடியின் மூலதனமாக்கிச் சந்தானத்தைத் தந்தது. ‘கலக்கப்போவது யாரு’ சிவகார்த்திகேயனைத் தந்தது.

காட்சி படத்தை விஞ்சியதற்குத் திரைத்துறையே சாட்சி. கைப்புள்ளயின் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ 2013இல் ஒரு படத்தின் தலைப்பானது. ‘ஆல் இன் ஆல் அழகுராஜா’வும் (2013), ‘தலைநகரம்’ படத்து வடிவேலு வசனமான ‘நானும் ரௌடிதான்’ (2015) என்பதும் அவ்வாறே. 2019 மே மாதம், ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்ட முகநூல் பதிவுக்கு வந்த பதிலிலிருந்து, ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் தலையில் சுத்தியல் விழுந்து அடிபடும் காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்திக்கும் வேடிக்கை கிளம்பியது. அப்போது படத்துக்கு வயது பதினெட்டு.

இதே காலத்தில் புதிய படங்களில் தடம் கரைந்தது. ‘தமிழ்ப் படம்’ (2010), ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012), ‘சூது கவ்வும்’ (2013), யோகி பாபு நாயகனாக நடித்த ‘மண்டேலா’ (2021) ஆகியவற்றில் கதைச்சூழலே நகைச்சுவையைச் சுமக்கிறது. குறும்படப் பயிற்சியோடு வந்த இயக்குநர்களும், தாமே சிரிக்கவைக்கத் தொடங்கிய நாயகர்களும், நாயகர்களாகிவிட்ட நகைச்சுவை நடிகர்களும் இம்மாற்றத்துக்குக் காரணம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு, தனித்தடமா கதையோடு இணைந்ததா என்னும் பழைய அளவுகோல் போதாது என்று காட்டுகிறது. தருமியும் செல்லப்பாவும் கதைக்குள் இருந்தவர்கள்; வாழைப்பழமும் பெட்ரோமாக்ஸும் வெளியே இருந்தவை. நால்வகைக் காட்சிகளும் இன்றும் சிரிப்பூட்டுகின்றன. முதல் ஓரிரு வாக்கியங்களில் யாருக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, வெளித்தகவல் எதையும் நாடாமல் முடிவு வரை செல்லும் கட்டுக்கோப்பே அவற்றின் பொதுப்பண்பு. அக்கட்டுக்கோப்பு நடிகரின் ஆற்றல் மட்டும் அன்று, எழுத்தாளரின் உழைப்பும் ஆகும். நடிகர்களைக் கொண்டாடும் நாம் சித்ராலயா கோபு, ஏ.வீரப்பன் போன்றோரின் எழுத்தைத் தொகுத்து ஆராயவில்லை. நகைச்சுவைப் பகுதிகளின் வசனப் பிரதிகளைத் தேடிப் பாதுகாப்பதும், எழுதியவர் பெயரைக் காட்சியோடு சேர்த்துப் பதிவு செய்வதும் தமிழ்த் திரை ஆய்வாளர்கள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணிகள்.