இறங்கிருச்சா, போயிருச்சா? பேட்டரி பார்த்த கதை

எங்க பக்கம் பேட்டரியைப் பத்திச் சொல்ல ரெண்டு வார்த்தை உண்டு. ஒண்ணு "இறங்கிருச்சு". இன்னொண்ணு "போயிருச்சு". இறங்கினது ராத்திரி முழுக்க சார்ஜர்ல கிடந்தா காலையில டிராக்டர் செல்ஃப் எடுத்துக்கும். போனது போனதுதான், எடைக்குப் போடணும். ஆனா வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், அதோட சரி. இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல பல ஆயிரம் ரூபாய் இருக்கு. உழவு நேரமா இருந்தா மழை பெய்ஞ்ச ஈரமும் சேர்ந்து போயிடும்.

ஈயமும் ஆசிடும் வச்ச பேட்டரி வந்து 160 வருசத்துக்கு மேல ஆச்சு. அத்தனை காலமும் மனுசன் இந்த ஒரே கேள்விக்குத்தான் விதவிதமா கருவி செஞ்சுக்கிட்டு இருக்கான். உங்க வீட்டு இன்வெர்ட்டர்லயும் பெரும்பாலான கார்லயும் உட்கார்ந்திருக்கிறது இதே பெட்டிதான். அதனால இந்தக் கதை டவுன்ல இருக்கிற உங்களுக்கும் ஆகும்.

1859ல் பிரான்ஸ்ல காஸ்டன் பிளாண்டே ரெண்டு ஈயத் தகட்டை, ஒண்ணு மேல ஒண்ணு படாம, பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி கந்தக அமிலத்துல முக்கினார். மின்சாரத்தை உள்ளே விட்டு, வேணும்கிறப்ப திரும்ப எடுக்கிற பேட்டரி அதுதான் முதல். 1881ல் காமில் ஃபோர் தகட்டு மேல ஈயக் களிம்பு பூசுற முறையைக் கொண்டு வந்தார். பேட்டரி தொழிற்சாலைச் சரக்கா ஆனது அதுக்கப்புறம்தான். அந்தக் காலத்துப் பெரிய பேட்டரிகள் கண்ணாடி ஜாடியில இருந்தது ஒரு வசதி. ஒரு தகடு சாக்லேட் நிறத்துல, இன்னொண்ணு சாம்பல் நிறத்துல இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். வெள்ளையா பூத்திருந்தா சல்பேட் பிடிச்சிருக்கு. அடியில சேறு மாதிரி படிஞ்சிருந்தா தகட்டு மேல பூசினது உதிருது. எல்லாம் கண்ணுக்கே தெரியும்.

1882ல் கிளாட்ஸ்டனும் டிரைபும் உள்ளே நடக்கிறதை விளக்கினாங்க. கரண்ட் எடுக்க எடுக்க ஆசிட்ல இருக்கிற சல்பேட் ரெண்டு பக்கத் தகட்டுலயும் போய் ஒட்டிக்குது, மிச்சம் இருக்கிறது தண்ணியாகிட்டே வருது. ஆசிட் தண்ணியை விடக் கனம். அப்ப ஆசிட் எவ்வளவு கனமா இருக்குன்னு பார்த்தா பேட்டரி எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரிஞ்சு போகும். கனம் பார்க்கிற மிதவை அதுக்கு முன்னாடியே இருந்தது. சாராயக்காரங்களும் மருந்துக்காரங்களும் வச்சிருந்த ஹைட்ரோமீட்டர் பேட்டரிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

நம்ம ஊர் பேட்டரிக் கடையில "கிராவிட்டி பார்க்கிறது"ன்னு சொல்றது இதைத்தான். ரப்பர் குமிழ் வச்ச கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சை கோடு போட்ட மிதவை. தண்ணியோட கனம் 1.000. முழுசா ஏறின வண்டி பேட்டரி ஆசிட் 1.260ல் இருந்து 1.280 வரைக்கும் காட்டும், சில பேட்டரிக்கு நம்ம வெயிலுக்காகக் கம்பெனியே 1.240 வைக்கிறது உண்டு. 1.120க்குப் பக்கத்துல வந்துட்டா சுத்தமா இறங்கிருச்சு. கடைக்காரர் புள்ளியை விட்டுட்டு "ஆயிரத்து இருநூத்தி நாப்பது"ன்னு நிலத்து விலை சொல்ற மாதிரி சொல்வார்.

எங்க அப்பா இந்தக் குழாயை ஒரு பழைய டார்ச் லைட் டப்பாவுல பஞ்சு சுத்தி வச்சிருந்தார். சித்திரை வெயில்ல நின்ன வண்டியை அப்படியே பார்க்க மாட்டார், நிழல்ல ஆறட்டும்பார். காரணம் சொன்னதில்ல. கணக்குப் போட்டா சரியாத்தான் வருது. இந்தியாவுல 27 டிகிரியை அடிப்படையா வச்சுக் கிராவிட்டி சொல்றாங்க. ஆசிட் சூடு அதுக்கு மேல ஒரு டிகிரி ஏறினா 0.0007 குறைச்சுக் காட்டும். 43 டிகிரிக்குச் சுட்டுக் கிடந்தா பத்துப் பதினொரு புள்ளி குறைவா விழும்.

ஆனா கிராவிட்டிக்கு ஒரு பெரிய குறை உண்டு. இறங்கினதா இல்லையான்னு சொல்லுமே தவிர, போனதா இல்லையான்னு சொல்லாது. தூர்ந்து போன கிணறு மாதிரின்னு வச்சுக்கங்க. மேல இருந்து எட்டிப் பார்த்தா தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்கும். மோட்டார் போட்டா அரை மணி நேரத்துல காத்து வாங்கும். தகட்டுப் பூச்சு பாதி உதிர்ந்த பேட்டரியும் ஆறு செல்லுலயும் 1250 காட்டிட்டு நிக்கும். இன்னொரு திருட்டுத்தனமும் இருக்கு. கிராவிட்டி ஏறலைன்னா டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலா ஆசிட்டை ஊத்தி விடுவாங்க. மிதவை உடனே பச்சைக்கு வந்துடும். பேட்டரி அதுக்கப்புறம் ரொம்ப நாள் தாங்காது.

1912ல் அமெரிக்காவுல காடிலாக் காருக்கு சார்லஸ் கெட்டரிங் செய்த செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. நாம இன்னைக்கும் சொல்ற "செல்ஃப்" அதோட மிச்சம்தான். அதுவரைக்கும் வண்டியில பேட்டரி வேலை விளக்கு எரிய வைக்கிறதும் தீப்பொறி கொடுக்கிறதும்தான். இப்ப சில விநாடியில நூத்துக்கணக்கான ஆம்பியர் கொடுக்கணும். உள்ளே எவ்வளவு இருக்குங்கிறது மட்டும் போதாது, ஒரே மூச்சுல எவ்வளவு தள்ளும்ங்கிறதும் தெரியணும்.

அதுக்கு வந்ததுதான் செல் டெஸ்டர். ரெண்டு கூர் முனை, நடுவுல தடிமனான மின்தடைப் பட்டை, மேல ஒரு முள் மீட்டர். அப்ப பேட்டரி கறுப்பு ரப்பர் பெட்டியில வரும். மேல தார் ஊத்தி அடைச்சிருக்கும், ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் இணைக்கிற ஈயப் பட்டை வெளியிலயே தெரியும். டெஸ்டரை ஒவ்வொரு செல் மேலயும் குத்திப் பிடிச்சா பட்டை சூடாகும், முள் இறங்கும். நல்ல செல்லுல முள் ஒரு இடத்துல நின்னுக்கும். கெட்ட செல்லுல சரசரன்னு விழுந்துடும், சில சமயம் அந்தச் செல்லு மட்டும் ஆசிட் கொதிக்கிற மாதிரி பொங்கும். பேட்டரி வச்சிருக்கிறவனும் பக்கத்துலயே நின்னு பார்ப்பான். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. இணைப்புப் பட்டை உள்சுவர் வழியாப் போயிடுச்சு, குத்திப் பார்க்க இடமே இல்ல. முழுப் பேட்டரிக்கும் சேர்த்து லோடு டெஸ்டர் போட்டாங்க. குளிர் ஸ்டார்ட்டிங் ஆம்பியர்ல பாதியை 15 விநாடி இழுக்கணும், வோல்ட் 9.6க்குக் கீழ போகக்கூடாது. அது நல்ல சோதனைதான். ஆனா பேட்டரி ஓரளவு ஏறியிருந்தாத்தான் செல்லும், பொறி பட்டா ஆபத்து, கருவியும் கனம். 1970கள்ல தண்ணி ஊத்த வேண்டாத பேட்டரி வர ஆரம்பிச்சதும் மூடியும் போச்சு. கிராவிட்டி குழாய் நுழையறதுக்கும் வழி இல்ல.

எலெக்ட்ரானிக் டெஸ்டர் வந்தது இந்த இடத்துலதான். மினசோட்டா பல்கலைக்கழகத்துல மின்பொறியியல் பேராசிரியரா இருந்த கீத் சாம்ப்ளின் 1975ல் ஒரு காப்புரிமை வாங்கினார். பேட்டரியில இருந்து பெரிசா எதையும் இழுக்காம, சின்னதா மாறு மின்னலையை விட்டு, அது எவ்வளவு சுலபமா உள்ளே போய் வருதுன்னு அளக்கிற முறை. இதைக் கடத்துத்திறன்னு சொல்லலாம். நம்ம கணக்குல சொன்னா, தண்ணியை இறைக்காமலே பைப்போட வாய் எவ்வளவு அகலம்னு பார்க்கிறது. தகடு சல்பேட் பிடிச்சு, உதிர்ந்து, அரிச்சுப் போகப் போக அந்த வாய் சுருங்கும். குளிர் ஸ்டார்ட்டிங் ஆம்பியரும் அதோட ஒத்துப் போகுதுங்கிறதுதான் அவர் பிடிச்ச நுணுக்கம். 1980கள்ல இல்லினாய்ஸ்ல இருக்கிற மிட்ரானிக்ஸ் கம்பெனி இதைக் கையடக்கக் கருவியாக்கி விற்க ஆரம்பிச்சது. கார்க் கம்பெனிகளுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வாரண்டியில திரும்பி வர்ற பேட்டரிகள்ல எத்தனையோ வெறுமனே இறங்கினதுதான்.

எங்க ஊருக்கு அது முதல்ல வந்தது டிராக்டருக்காக இல்ல, செல்போன் டவருக்காக. டவர் அடியில 2 வோல்ட் செல் 24 சேர்ந்து 48 வோல்ட் நிக்கும், எல்லாம் மூடி இல்லாதது. ஒரு பையன் பைக்ல வந்து, ஒவ்வொரு செல்லையும் தொட்டுத் தொட்டு நம்பர் எழுதிட்டுப் போவான். 2012ல் கரண்ட் கட் நாளுக்குப் பத்து மணி நேரம் தாண்டினப்ப வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அப்புறம்தான் பேட்டரிக் கடையில ரசீது அடிக்கிற சின்ன மெஷின் வந்தது.

இங்கதான் எனக்கு ஒரு வருத்தம். செல் டெஸ்டர் முள் விழுந்ததை நம்மளே பார்த்தோம். இது "குட்" இல்லைன்னா "ரீப்ளேஸ்"னு சீட்டு கொடுக்குது. ஆனா தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் பேட்டரியோட குளிர் ஸ்டார்ட்டிங் ஆம்பியர் எவ்வளவு? அமெரிக்க முறைப்படி அது பூச்சியத்துக்குக் கீழ 18 டிகிரி குளிர்ல 30 விநாடி கொடுக்கக்கூடிய கரண்ட். மார்கழிப் பனிக்கே போர்வை தேடுற ஊர்ல டிராக்டருக்கு இந்தப் பரீட்சை! அதைக்கூட விட்டுடலாம். நம்ம ஊர் பேட்டரி பலதுல அந்த நம்பரே அச்சடிச்சிருக்காது, ஆம்பியர் அவர் மட்டும்தான் இருக்கும். கடையில நிக்கிற பையன் தோணினதைப் போடுவான்.

பக்கத்துத் தோட்டத்து மாமாவோட டிராக்டர் போன வருசம் ஆடியில நின்னுடுச்சு. பேட்டரிக்கு ரெண்டரை வருசம். டவுன் கடையில ஒரு நிமிசத்துல "ரீப்ளேஸ்"னு சீட்டு வந்துடுச்சு. "மிசின் பொய் சொல்லுமா மாப்ள?"ன்னார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். மேல 850ன்னு போட்டிருந்தது, வோல்ட் 11.9. அந்த பேட்டரிக்கு டீலர்கிட்ட இருக்கிற அட்டவணைப்படி 500 சொச்சம்தான். "மெஷின் பொய் சொல்லல மாமா, அது கிட்ட பொய் சொல்லியிருக்காங்க. ஒரு ராத்திரி பொறுங்க"ன்னேன். சார்ஜ் போட்டோம். காலையில அப்பாவோட குழாயில அஞ்சு செல் 1250, ஒண்ணு 1240. வேற கடையில சரியான நம்பரைப் போட்டுப் பார்த்தா "குட்". குத்தம் எர்த் ஒயர்ல, சேஸிஸ்ல முறுக்கின இடம் துருப்பிடிச்சுப் போய் சார்ஜே சரியா ஏறாம இருந்திருக்கு. உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சு மாட்டினதோட முடிஞ்சது. அந்தப் பேட்டரி இன்னைக்கும் ஓடுது.

அதுக்காக மெஷினைக் குறை சொல்லிட்டே இருக்க மாட்டேன். எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அது "குட்"னுது, கிராவிட்டியும் பச்சைன்னுது, ஆனா ரெண்டு ஃபேன் முக்கால் மணி நேரம்கூட ஓடல. ஒரே மூச்சுல தள்ளுறதை அளக்கிற கருவிகிட்ட எத்தனை மணி நேரம் தாங்கும்னு கேட்கிறது நியாயம் இல்ல. 150 ஆம்பியர் அவர்னா, 20 மணி நேரக் கணக்குல, ஏழரை ஆம்பியரை 10.5 வோல்ட் வரும் வரைக்கும் 20 மணி நேரம் கொடுக்கணும். அதை உண்மையா அறிய, பேட்டரியை முழுசா ஏத்தி, தெரிஞ்ச லோடைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். சப்ஸ்டேஷன்கள்ல இன்னைக்கும் அப்படித்தான் செய்றாங்க, 80 சதவீதத்துக்குக் கீழ போனா மாத்துறாங்க.

உங்க காருக்குச் சீட்டு அடிச்சுக் கொடுத்தா கீழ இருக்கிற தீர்ப்புக்கு முன்னாடி மேல இருக்கிற வரிகளைப் படிங்க. எந்த நம்பரைப் போட்டாங்கன்னு பாருங்க, அது உங்க பேட்டரியோடதான்னு கேளுங்க. வோல்ட் 12.4க்குக் கீழ இருந்தா சார்ஜ் போட்டுட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்க. கவ்வியோட ரெண்டு தாடையும் டெர்மினல்ல சுத்தமா படணும், வெள்ளைப் பூப்பு மேல கவ்வினாலும் "ரீப்ளேஸ்" வரும். வெந்நீர் ஊத்தித் தேய்ச்சுட்டு வண்டியை எடுத்துட்டுப் போங்க.